சிவப்பு கிளிப்

பச்சமுத்து சார்ஜரின் மூடியைக் கழற்றியதும் ரிப்பேர் கடை முழுக்கக் கருகிய நெடி பரவியது.

வெற்றிவேல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டும்போது அவன் மனைவி வளர்மதி இப்படித்தான் நிற்பாள்.

"செத்துடுச்சு வேலு. உள்ள எல்லாம் கருகிக் கெடக்குது."

அவன் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. ராஜகிரிக் கோட்டை மலையின் மேல்பாதியைக் காணோம். சாயங்காலம் வரை இப்படியே பெய்தால் ஊருக்குப் போகும் தரைப்பாலம் முழுகிவிடும். அப்புறம் ஏரியைத் தாண்ட அந்த ஒரு பழைய போட்டுதான். எங்கேயோ மூடிப்போன படகுத்துறையில் ஏலம் போனதை ஊர்க்காரர்கள் சேர்ந்து வாங்கினார்கள். எட்டுப் பேர் உட்காரலாம், நாலு பேட்டரியில் ஓடும். அதன் சார்ஜர்தான் இது. ஒற்றை ஆள் துடுப்புப் போட்டு நகர்த்துகிற சாமான் இல்லை அது.

நாளை வெள்ளிக்கிழமை. வளர்மதிக்கு டயாலிசிஸ் நாள்.

போன வருஷ வெள்ளத்தில் ஒரு முறை தவறிப்போனது. ஒரே ஒரு முறை. படுக்க முடியாமல், மூச்சு வாங்கியபடி சுவரில் சாய்ந்தே உட்கார்ந்திருந்தாள். அந்தச் சத்தம் இன்னும் அவன் காதை விட்டுப் போகவில்லை. போட்டு வாங்கியதே அதைப் பார்த்த பிறகுதான்.

காலையிலிருந்து மூன்று கடைகளுக்குப் போன் போட்டுவிட்டான். போட்டுக்கென்றே வருகிற சார்ஜர் சென்னையிலிருந்து வர நாலு நாள் ஆகுமாம். விலையைக் கேட்டதும் சரி என்றுகூடச் சொல்லாமல் போனை வைத்துவிட்டான்.

"பழசு ஏதாவது கெடக்குதாண்ணே? எப்டியாவது பாருண்ணே."

பச்சமுத்து மெல்ல எழுந்து உள்ளே போனார். அவசரம் என்பதே அந்த மனிதருக்குக் கிடையாது. வீடு பற்றி எரிந்தாலும் பீடியை முடித்துவிட்டுத்தான் வாளியைத் தேடுவார். உள்ளே தகரம் உருளும் சத்தம் கேட்டது. வெற்றிவேல் மழையைப் பார்த்தான், செல்லில் மணியைப் பார்த்தான், மறுபடியும் மழையைப் பார்த்தான்.

ஒரு வழியாக, தூசி படிந்த பெட்டி ஒன்றோடு வந்தார். மேல்மலையனூர் கோயில் அமாவாசைக் கூட்டத்துக்கு ஓடிய பேட்டரி ஆட்டோவின் சார்ஜர். ஆட்டோ பள்ளத்தில் கவிழ்ந்து காயலான் கடைக்குப் போய்விட்டது. சார்ஜர் மட்டும் இவரிடம் தங்கிவிட்டது.

"அதுக்கும் நாலு பேட்டரி, உன் போட்டுக்கும் நாலு பேட்டரி. ரோட்டுல போனா இன்னா, தண்ணில போனா இன்னா. கரண்டுக்கு அதெல்லாம் தெரியாது."

மீட்டரை வைத்துப் பார்த்தார். முள் எழுந்து, வேண்டிய இடத்தில் நின்றது. அப்பாடா! விலையும் வெற்றிவேலின் சட்டைப் பைக்கு அடங்கியது. காலையிலிருந்து முதல் தடவையாக அவன் ஸ்டூலில் உட்கார்ந்தான்.

அப்போதுதான் பச்சமுத்து கருகிய சார்ஜரின் சிவப்பு கிளிப்பைக் கையில் எடுத்தார். அதன் பல்லில் ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தேய்த்தார், மோந்து பார்த்தார்.

"அடப்பாவி, குங்குமம்டா இது!"

சிரிக்க ஆரம்பித்துவிட்டார்.

"போன வாரம் ஆயுத பூசைக்கு பேட்டரிக்குப் பொட்டு வச்சீங்களா? அதுவும் மைனஸ் மொனையில. செவப்பா தெரியுதேன்னு செவப்பு கிளிப்ப அங்கியே மாட்டியாச்சு. பொகையாம இன்னா பண்ணும்? எந்தப் புத்திசாலிடா மாட்டுனது?"

வெற்றிவேல் தலையைச் சொறிந்தான்.

"நான்தாண்ணே. இருட்டுல தெரியல."

விடுவாரா? பக்கத்து டீக்கடைக்காரரைக் கூப்பிட்டுச் சொன்னார். டீ குடிக்க ஒதுங்கியவர்களுக்கும் சொன்னார். ஒரு வருஷமாகப் போட்டு ஓட்டுகிறவனுக்குப் பிளஸ் எது மைனஸ் எது என்று தெரியவில்லையாம். எல்லோரும் சிரித்தார்கள். வெற்றிவேலும் கூடச் சேர்ந்து சிரித்து வைத்தான்.

அவன் செல் அடித்தது. காதில் வைத்துக் கேட்க முடியாத பழைய செல். ஸ்பீக்கரில் போட்டால்தான் பேசும்.

"இன்னா மாமா, பேட்டரி புல்லாயிடுச்சா?" வளர்மதியின் குரல் கடைக்கே கேட்டது. "நீ அசந்து தூங்கிட்டிருந்த, எழுப்ப மனசு வரல. வெடியறதுக்குள்ள நானே போயி மாட்டி உட்டுட்டு வந்து படுத்தேன். சரியாத்தான மாட்டியிருக்கேன்?"

"சரியாத்தான் மாட்டியிருக்க. பச்ச லைட்டு எரியுது." அவன் மழையின் பக்கம் திரும்பிக்கொண்டான். "நான் வந்துடறேன். நீ தாகமா இருக்குதுன்னு தண்ணிய குடிச்சி வைக்காத. படு."

செல்லைப் பைக்குள் போட்டுக்கொண்டு திரும்பினான். கடையில் யாரும் சிரிக்கவில்லை.

பச்சமுத்து கட்டரை எடுத்து, ஆட்டோ சார்ஜரின் இரண்டு கிளிப்பையும் நறுக்கிப் போட்டார். அந்த இடத்தில் தடித்த பிளக் ஒன்றை முடுக்கினார். அதற்கு ஜோடியான சாக்கெட்டில் ஒயர் வைத்து, சிவப்பு எது கறுப்பு எது என்று வெற்றிவேலுக்கு இரண்டு தடவை காட்டினார்.

"இத நீயே பேட்டரில முடுக்கி உட்டுடு. பிளக்கு ஒரு பக்கமாத்தான் உள்ள போகும். மாத்தி மாட்டவே முடியாது."

அதற்குத் தனியாகக் காசு வாங்கவில்லை. பாலிதீன் கவரைச் சுற்றி, நனையாதபடி கட்டி, அவன் கையில் வைத்தார்.

"சீக்கிரம் கெளம்பு, பாலம் முழுகிடப் போவுது. அடுத்த பூசைக்கு பொட்ட எங்க வேணா வச்சிக்கச் சொல்லு."