மகனைவிட இளைய அம்மா

குடியேற்ற அலுவலகத்திலிருந்து நான்காவது தடவையாகக் கடிதம் வந்திருந்தது. ஊரிலிருக்கும் அம்மாவை நிரந்தரமாகத் தன்னிடம் வரவழைக்க அவன் போட்ட விண்ணப்பம் மறுபடியும் திரும்பியிருந்தது.

'தங்கள் தாயார் "திருமணமாகாதவர்" என்ற கட்டத்தில் குறியிட்டுள்ளார். திருத்தி மீண்டும் அனுப்பவும்.'

முதல் தடவை பிறந்த வருடம் தப்பு. ஐம்பத்தெட்டு என்பது எண்பத்தைந்தாகி, அம்மா அவனைவிட இரண்டு வயது இளையவளாகிவிட்டாள். அடுத்த தடவை பெயரின் கடைசி எழுத்து விழுந்து, அம்மா ஆணாகிவிட்டாள். மூன்றாம் தடவைதான் கொடுமை. பிள்ளைகள் ஏழு பேர் என்றிருக்க, மற்ற ஆறு பேரின் பிறப்புச் சான்றிதழ்களைக் கேட்டார்கள். ஒற்றைப் பிள்ளையாகப் பிறந்தவன் ஆறு உடன்பிறப்புகளுக்கு எங்கே போவான்?

காப்பீட்டு நிறுவனத்தில் மோசடிகளைத் துப்புத் துலக்குவது அவன் வேலை. எரியாத கடைக்கு நஷ்டஈடு கேட்பவன், உடையாத காலில் கட்டுப் போட்டுக்கொண்டு வருபவன் என எல்லோரையும் ஒரே பார்வையில் பிடித்துவிடுவான். ஒரு தடவை என்றால் கைப்பிசகு. நாலு தடவை என்றால் யாரோ வேலை செய்கிறார்கள்.

தன் பங்குப் படிவங்களை அவனே கணினியில் நிரப்பியிருந்தான். அதில் ஒரு புள்ளி பிசகாது. அம்மாவின் படிவத்தை அம்மாவே தன் கைப்பட எழுதி, உறையில் போட்டு ஒட்டி அனுப்ப வேண்டும். உறை பிரிந்திருந்தால் வாங்க மாட்டார்கள். வீட்டுக்கு வரும் அந்த உறையை அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பது மனைவியின் பொறுப்பு.

அம்மாவுக்குப் போன் போட்டான்.

"நான் பாத்துப் பாத்துத்தான்டா எழுதினேன். வழியில என்ன ஆச்சோ, யாரு கண்டா?"

வழியில் இருப்பது ஒரே ஒருத்திதான்.

காரணமும் கச்சிதமாகப் பொருந்தியது. போன தடவை அம்மா வந்திருந்தபோது, மிக்ஸியை எந்தப் பக்கம் வைப்பது என்பதில் மாமியாருக்கும் மருமகளுக்கும் ஆரம்பித்த முறைப்பு, அம்மா விமானம் ஏறும்வரை ஓயவில்லை.

அதற்காக அம்மாவை வரவழைப்பதை அவனா விடுவான்? "அம்மா அங்க தனியா கஷ்டப்படறாங்க. கடைசிக் காலத்துல என்கூட ராணி மாதிரி இருக்கட்டும்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக் கண்கலங்கினான். எட்டு மாத இரட்டைக் குழந்தைகளுக்குக் காப்பகத்தில் இடம் கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.

ஐந்தாவது உறை வந்த மறுநாள் காலை. சமையலறையில் கெட்டில் கொதித்து ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் மனைவி, கையில் அந்த உறையுடன். ஆவி பட்டால் எந்த ஒட்டும் பிரிந்துவிடும்.

"என்ன பண்ணிட்டிருக்கே?"

"ஓரம் பிரிஞ்சு வருதுங்க, டேப் ஒட்டறேன். பிரிஞ்சிருந்தா வாங்க மாட்டாங்கன்னு நீங்கதானே சொன்னீங்க?"

பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தயாரான பதில் குற்றவாளியிடம்தான் இருக்கும் என்பது அவன் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினான். தெருமுனையில் காத்திருந்து, இரட்டைத் தள்ளுவண்டியுடன் போன மனைவியைப் பின்தொடர்ந்தான்.

குடியேற்ற அலுவலகத்தின் மூன்றாம் கவுண்ட்டரில் அவள் உறையை நீட்டியதுதான் தாமதம், அவன் குறுக்கே பாய்ந்தான்.

"மேடம், அதை என் கண்ணு முன்னாடி பிரிங்க! ஒவ்வொரு தடவையும் எங்கம்மா எழுதினதை மாத்தினது இவதான்!"

வரிசையில் நின்றவர்கள் போனிலிருந்து தலை தூக்கினார்கள். மனைவியின் முகம் வெளுத்தது.

"நானா? ரெண்டையும் தூக்கிச் சுமந்து இடுப்பு ஒடியுது. அத்தை எப்ப வருவாங்கன்னு நாளை எண்ணிட்டு இருக்கேன். நான் போய் அதைக் கெடுப்பேனா?"

"இந்த நடிப்பெல்லாம் வேற யார்கிட்டயாவது வச்சுக்கோ."

தமிழரான கவுண்ட்டர் அதிகாரி, தினமும் நாலு குடும்பச் சண்டை பார்க்கிறவர் போல அலட்டிக்கொள்ளாமல் உறையை வெட்டினார். பிறந்த தேதி சரி. பெயர் சரி. பிள்ளை ஒன்று. கணவரை இழந்தவர். எல்லாம் சரி. அவனுக்கு லேசாக வியர்த்தது.

மூன்றாம் பக்கத்தில் அதிகாரியின் புருவம் உயர்ந்தது.

"'குற்றம் செய்து தண்டனை பெற்றதுண்டா'ங்கற கேள்விக்கு, 'உண்டு'ன்னு இருக்கே. 'வங்கிக் கொள்ளை. இரண்டு முறை.'"

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" அவன் குதித்தான். "பேங்க்ல பேனா இரவல் கேக்கவே கூச்சப்படறவங்க எங்கம்மா! அவங்களைக் கொள்ளைக்காரி ஆக்கிட்டா மேடம் இவ! போலீஸைக் கூப்பிடுங்க!"

மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "உங்ககூட இனி ஒரு நிமிஷம் குடித்தனம் பண்ண முடியாது" என்று தள்ளுவண்டியை வாசல் பக்கம் திருப்பினாள்.

"கொஞ்சம் இருங்கம்மா" என்றார் அதிகாரி. கடைசித் தாளின் பின்னால் குத்தியிருந்த துண்டுக் காகிதத்தை உருவி, அவன் பக்கம் நீட்டினார். "சார், இது உங்கம்மா கையெழுத்தா பாருங்க."

பார்த்தான். ஒவ்வொரு கொம்பும் வாலும் அம்மாவுடையதுதான். "சந்தேகமே இல்ல."

"எங்களுக்குத்தான் எழுதியிருக்காங்க" என்று அதிகாரி உரக்கவே படித்தார்:

'ஐயா அல்லது அம்மா, அறுபத்தேழு வயதில் இப்போதுதான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டிருக்கிறேன். அங்கே வர மாட்டேன் என்று சொன்னால் மகன் போனிலேயே அழுகிறான். நான்கு தடவை தப்பாக எழுதியும் நீங்கள் பெரிய மனது பண்ணித் திருத்தித் தரச் சொல்கிறீர்கள். இந்தத் தடவையாவது ஒரேயடியாக நிராகரித்துவிடுங்கள், வங்கிக் கொள்ளைக்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.'