மூச்சு விடாத பாட்டு

"இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்!" வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கிளம்பினார் பெருமாள்சாமி.

மாடி வீட்டில் அதே பாட்டு. ஜப்பான் பாட்டு. டமடமவென்று தாளம், அதன்மேல் நாலைந்து பெண்கள் குதூகலமாகக் கூவுகிறார்கள். அர்த்தம் ஆண்டவனுக்கே வெளிச்சம்.

வாடகைக்கு வந்த புதிதில் வீணா இருக்கும் இடமே தெரியாது. ஏதோ ஜப்பான் கம்பெனியில் வேலை. கொஞ்ச நாளாகத்தான் இந்தக் கூத்து.

சத்தத்தைவிட, அதற்குக் காரணம் புரியாததுதான் அவர் மண்டையைக் குடைந்தது. நேரம் காலம் கிடையாது. நேற்று, சாம்பாரில் உப்பு கம்மி என்று மனைவி சந்திரம்மாவிடம் சொல்லி முடிப்பதற்குள் ஆரம்பித்தது. இன்று மூக்குக்கண்ணாடியைக் காணோமே என்று கேட்டதும் ஆரம்பித்தது.

இதில் சந்திரம்மா வேறு, சமையலறைக் குழாயைக் கரண்டியால் தட்டிக்கொண்டே இருப்பாள். கேட்டால், "தண்ணி வருதான்னு பாக்கறேங்க" என்பாள். எந்த ஊரில் தட்டினால் தண்ணீர் வரும்?

வாசலில் எதிர்க்கடை கோவிந்தப்பா மடக்கினார்.

"எங்க சார், இவ்ளோ வேகமா?"

"மாடிப் பொண்ணைக் காலி பண்ணச் சொல்லப் போறேன். பாட்டு தாங்கல."

"அய்யோ, பேட சார், வேண்டாம்! ஜோரான பாட்டு. நம்ம வீட்டுப் பசங்கெல்லாம் டான்ஸ் ஆடுது. ஆனா ஒண்ணு சார், நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப பாட்டே இல்ல."

"பாத்தீங்களா! என்னைச் சீண்டத்தான் போடறா!"

"விடுங்க சார். உங்களை மாதிரி அதிர்ந்து பேசாத ஓனர் பெங்களூர்ல, இந்த ஈஜிபுராவுல எங்க கிடைப்பாங்க? மெதுவா சொல்லுங்க."

பெருமாள்சாமிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மாடியேறி, மெதுவாகவே கதவைத் தட்டினார்.

தட்டியது காதில் விழவில்லை போலும். கதவைத் தள்ளிப் பார்த்தார். வீணா ஆடவும் இல்லை, பாடவும் இல்லை. காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு லேப்டாப்பில் வேலை செய்துகொண்டிருந்தாள். ஸ்பீக்கர் மட்டும் ஜன்னலில், தெருவைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தது.

அவரைக் கண்டதும் பதறி எழுந்து பாட்டை நிறுத்தினாள். "சாரி அங்கிள்!"

"காதுல பஞ்சை வெச்சுக்கிட்டு யாரும்மா பாட்டு போடுவாங்க?"

வீணா அவசரமாகப் பஞ்சை எடுத்து உள்ளங்கையில் மறைத்துக்கொண்டாள்.

"தமிழ்ல பாட்டு இல்லையா, கன்னடத்துல இல்லையா? ஏன் இந்த ஜப்பான் பாட்டு? காரணத்தைச் சொல்லு. இல்லேன்னா இந்த மாசமே காலி பண்ணிடு."

வீணாவின் முகம் வாடிவிட்டது. ஆபீசுக்கு நடந்தே போகிற தூரத்தில் இப்படி ஒரு வீடு இனி எங்கே கிடைக்கும்?

"சொல்லக் கூடாதுன்னு ஆன்ட்டி சத்தியம் வாங்கியிருக்காங்க, அங்கிள்."

"எந்த ஆன்ட்டி?"

"நம்ம ஆன்ட்டிதான். கீழ குழாயைத் தட்டினா நான் உடனே பாட்டு போடணும். முதல்ல தமிழ்ப் பாட்டுதான் போட்டேன். நடுவுல நடுவுல மியூசிக் இறங்கினதும் வெளிய கேட்டுடுச்சு. இந்த ஜப்பான் பொண்ணுங்கதான் மூச்சே விடாம பாடறாங்க."

"என்ன வெளிய கேட்டுடுச்சு?"

வீணா தலையைக் குனிந்துகொண்டாள்.

"நீங்க ஆன்ட்டியைத் திட்டறது, அங்கிள். 'தெருவுல அவருக்குத் தங்கமான மனுஷன்னு பேரு, அது கெட்டுடக் கூடாதும்மா'ன்னு ஆன்ட்டி சொன்னாங்க."