கமக்கட்டுச் சூடு

ஏரிக்கரைப் பெருந்தெருவோரம் பனிக்குள் மல்லாந்து கிடந்து, உறைந்துபோன பிரேக்கைச் சரிசெய்துவிட்டு எழும்பினான் குலேந்திரன். விடிந்ததிலிருந்து இது நாலாவது லொறி. சாரதி நகுலன் முன்சில்லின் கீழ் ஒரு தேசிக்காயை வைத்து லொறியை நகர்த்தினான். குளிரில் கல்லாகியிருந்த எலுமிச்சங்காய் நசியாமல் வழுக்கிக்கொண்டு ஓடியது. நகுலன் வெளிறிப்போய் இறங்கி வந்தான்.

"நசியேல்லை அண்ணை. போன மாரியிலயும் இப்பிடித்தான். அதைப் பாராமல் எடுத்திட்டன். பக்கத்தில தம்பி இருந்தவன்."

குலேந்திரன் காய் ஓடிய பக்கம் நடந்தான். "எனக்கு உதில நம்பிக்கையில்லை" என்று முணுமுணுத்தபடியே காயைப் பொறுக்கித் தன் கமக்கட்டுக்குள் வைத்து, கையை ஒடுக்கி இறுக்கினான். குளிர் விலா எலும்புவரை ஏறியது. கனரக லொறிகள் இரைந்து போக, கால்மணி நேரம் இருவரும் அப்படியே நின்றார்கள். பிறகு நகுலன் இளகிய காயைத் திரும்பவும் சில்லின் கீழ் வைத்து லொறியை நகர்த்தினான். இந்த முறை காய் நசிந்தது. பனியெல்லாம் மணத்தது.

"இது உங்கட வானுக்கு அண்ணை" என்று இன்னொரு காயைக் கையில் திணித்துவிட்டு நகுலன் போய்விட்டான். அதுவும் கல்தான். போன் அடித்தது, அடுத்த லொறி எங்கோ காத்துக் கிடந்தது. குலேந்திரன் காயை மற்றக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, வானைக் கிளப்பாமல் இருந்தான்.