கொழும்புப் பூனை

நான்காவது தட்டையும் பூனை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"நீ எந்தச் சீமை ராசாத்தி? என்னதான் வேணும் ஒனக்கு?"

உம்மு ஹபீபா தட்டை அதன் மூக்குக்குக் கீழே தள்ளினாள். பூனை கண்ணை மூடிக்கொண்டது.

முதல் தட்டில் சூடை மீனை முள் நீக்கி வைத்திருந்தாள். இரண்டாவதில் சீலா, அதுவும் நடுத்துண்டு. மூன்றாவதில் பால். இப்போது குழைந்த சோற்றில் மீன் ஆணத்தில் கிடந்த துண்டு ஒன்றை, காரம் போகக் கழுவிப் பிசைந்து வைத்திருக்கிறாள்.

நாலு தட்டை இப்படித் தள்ளிய விருந்தாளியாக இருந்தால், ஆயுசுக்கும் இந்த வாசலை மிதிக்க விட்டிருக்க மாட்டாள்.

பூனையை விரட்ட முடியாது. வாயில்லா உயிரைத் தெருவில் போட்டு, அது செத்துவைத்தால் நாளை மறுமையில் யார் பதில் சொல்வது?

பூனை வந்து பத்து நாளாகிறது. அது சோற்றைத் தொட்டு நாலு நாளாகிறது. உடம்பு கொதித்தது. மூக்கு காய்ந்து, ஓரக்கண்ணில் பீளை கட்டியிருந்தது.

ராமநாதபுரத்து மாட்டாஸ்பத்திரியிலிருந்து பக்கத்து வீட்டு நூர் நிஷா சிவப்பாய் ஒரு மருந்து வரவழைத்துக் கொடுத்தாள். பூனை அதை உம்மு ஹபீபாவின் வெள்ளைத் துப்பட்டியில் துப்பியது. வீட்டில் ஒருவருக்கு முடியவில்லை என்று மட்டும் சொல்லியனுப்பி, லெப்பையிடம் தண்ணீர் ஓதி வாங்கினாள். மறுநாள் லெப்பை பள்ளிவாசலில் அவள் புருஷனைப் பிடித்துக்கொண்டு, யாருக்கு என்ன நோய் என்று துருவித் துருவி விசாரித்து மானத்தை வாங்கிவிட்டார்.

அந்தப் புருஷன்தான் இந்தப் பூனையைக் கொண்டுவந்தவர்.

ஹமீது சுல்தானுக்குக் கொழும்பில் கடை. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷத்தில் கீழக்கரையில் அவர் தங்கிய நாட்களை ஒன்றாய்ச் சேர்த்தால் மூன்று வருஷம் தேறாது. இந்தத் தடவை அங்கே தங்கும் பர்மிட்டுக்கு நீட்டிப்புக் கிடைக்கவில்லை. கடையை மூடிவிட்டு, தலைமன்னாரில் கப்பலேறி வந்து சேர்ந்தார். இனிப் போவதற்கில்லை.

கையில் ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு ஓலைக்கூடை. கூடைக்குள் பூனை.

கடைப் பூனை, நல்லா எலி பிடிக்கும் என்றார். எலி பிடிக்க இந்த ஊரில் பூனையா இல்லை என்று அவள் கேட்டபோது, கூடையை மூலையில் இறக்கிவிட்டுக் கைகால் கழுவப் போனார்.

கொண்டுவந்தாரே தவிர, அதைத் தொடவில்லை. தொழப் போவார், வருவார், சாய்வு நாற்காலியில் கிடப்பார். பூனை கிடக்கும் மூலைப்பக்கம் திரும்பக்கூட மாட்டார். பணிவிடையெல்லாம் அவள் தலையில்.

இன்று அஸர் தொழுதுவிட்டு வந்தவர், நேரே நாற்காலிக்குப் போனார். அவ்வளவுதான். கையிலிருந்த கரண்டியை உம்மு ஹபீபா தரையில் விட்டெறிந்தாள்.

"ஒங்க பூனைய நீங்களே பாருங்க! நாளைக்கு மவுத்தாப் போனா என்னயச் சொல்லக் கூடாது."

அவர் எழுந்து வந்து, பூனைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

சோற்றை இரண்டு விரலால் மசித்தார். பட்டாணி அளவுக்கு ஓர் உருண்டை பிடித்தார். அதை நுனிவிரலில் ஏந்தி நீட்டியபோது அவருடைய வாயும் தானாகத் திறந்தது.

"கன்ன, தூவே... கன்ன."

அவரிடம் இப்படி ஒரு குரல் இருப்பதே அவளுக்குத் தெரியாது.

பூனை கண்ணைத் திறந்தது. தலையைத் தூக்கி அவர் விரலை முகர்ந்தது. உருண்டையை வாயில் வாங்கியது.

அப்பாடா என்று அவளுக்கு மூச்சு வந்தது. நாலு நாள் பட்ட பாட்டுக்கு, இதை முதல் நாளே செய்து தொலைத்திருக்கக் கூடாதா இந்த மனிதர்!

அவர் இன்னோர் உருண்டை பிடித்தார். "கன்ன, தூவே."

அந்தத் தெருவில் கொழும்பு பார்க்காத ஆண்கள் குறைவு. அவர்கள் கொண்டுவந்த சிங்களம் அடுப்படி வரைக்கும் புழங்கியது. கன்ன என்றால் சாப்பிடு. தூவே என்றால் மகளே.

உம்மு ஹபீபா அவர் கையையே பார்த்தாள்.

வாயைத் திறந்துகாட்டிச் சோறு ஊட்ட எந்தக் கடையிலும் பழக முடியாது. பிள்ளையில்லாத இந்த வீட்டிலும் அவர் பழகியிருக்க வழியில்லை. பிள்ளைக்கு ஒரு வாய், பக்கத்தில் காத்திருக்கும் பூனைக்கு ஒரு வாய் என்று ஊட்டி ஊட்டிப் பழகிய கை அது.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தாள். தெருவே கூடும்படி கத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் நாலு நாளாய்ப் பூனையிடம் பேசிப் பேசி அலுத்த குரல்தான் வந்தது.

"இதை வளத்த புள்ளைக்கு என்ன வயசு?"

அவர் கை அந்தரத்தில் நின்றது.

"ஏழு."

பிடித்த உருண்டையைத் தட்டிலேயே போட்டார். பூனை 'கன்ன' என்ற குரலுக்காகக் கொஞ்சம் காத்திருந்துவிட்டு, தலையைத் தரையில் சாய்த்துக்கொண்டது.

உம்மு ஹபீபா பூனையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துவிட்டு, தட்டை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"நிறுத்தாதிய," என்றாள். "சொல்லுங்க. அது தின்னு முடிக்கட்டும்."