சுண்ணாம்புச் சத்து

“ஒரு கையெழுத்து போதும், டாக்டர் சாப். நாளைக்குக் கப்பல். மெட்ராஸ்ல பாகல் ஆஸ்பத்திரியில விட்டுட்டு அடுத்த கப்பல்ல திரும்பிடுவேன்” என்றான் கோவிந்தராஜ்.

அக்கரையிலிருந்த பாம்பூஃப்ளாட்டிலிருந்து மனைவி விசாலாட்சியைப் படகில் ஏற்றித் தீவின் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்திருந்தான். அவளுடைய இரண்டு கைகளும் மணிக்கட்டில் மடங்கி, விரல்கள் கூம்பிப்போயிருந்தன. வாய் ஒரு பக்கமாக இழுத்தது. பேச்சு இல்லை. கண்கள் மட்டும் டாக்டரை விட்டு நகரவில்லை.

“எத்தனை நாளா இப்படி?”

“கல்யாணமாகி இங்க வந்த மூணு வருஷமா விட்டு விட்டு வருது. மந்திரிச்சுப் பார்த்தாச்சு. அக்கம்பக்கத்துல எல்லாரும் பாகல், பைத்தியம்னே சொல்றாங்க.”

நர்ஸ் அன்னம்மாளும் அப்படித்தான் நினைத்தாள். தூக்க ஊசியை எடுத்துத் தயாராக வைத்திருந்தாள்.

டாக்டர் சிவஞானம் போன மாதம்தான் மெட்ராஸிலிருந்து மாற்றலாகி வந்தவர். அதிகம் பேசமாட்டார். விசாலாட்சியின் காதுக்கு முன்னால் விரலால் மெல்லத் தட்டினார். உதடு வெட்டி இழுத்தது. கழுத்தோரம் சேலையை விலக்கினார். குறுக்கே ஒரு தழும்பு.

“கழுத்துக் கட்டி சார். கல்யாணத்துக்கு முந்தியே மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணினாங்களாம்.”

“சிஸ்டர், அந்த ஊசி வேண்டாம். கால்சியம் எடுங்க.”

அவரே உட்கார்ந்து ரத்தக்குழாயில் ஊசியை ஏற்றினார். சொட்டுச் சொட்டாகப் பத்து நிமிஷம். அவர் நெற்றி வியர்த்ததைப் பார்த்து அன்னம்மாள் மின்விசிறியைத் திருப்பி வைத்தாள்.

விசாலாட்சியின் விரல்கள் ஒவ்வொன்றாக விரிந்தன. வாய் நேரானது. கோவிந்தராஜ் குனிந்து அந்த விரல்களைத் தொட்டுப் பார்த்தான்.

“இது பைத்தியம் இல்லை. ரத்தத்துல சுண்ணாம்புச் சத்து குறைஞ்சிருக்கு. அது குறைஞ்சா நரம்போட மேற்புறம் அடங்கி இருக்காது. யாரும் ஏவாமலே தசைக்குச் சேதி அனுப்பிக்கிட்டே இருக்கும். நரம்பு செல்லுக்குள்ள, அதோட உட்கரு வரைக்கும் போய் அது இன்னும் என்னென்ன செய்யுதோ, யாருக்கும் சரியாத் தெரியாது.”

“அது எப்படி சார் குறையும்?”

“கழுத்துல நாலு சின்னச் சுரப்பி இருக்கு. அதுங்கதான் அந்தச் சத்தைக் குறையாமப் பார்த்துக்கும். கட்டியை அறுத்தப்போ அதையும் சேர்த்து எடுத்துட்டாங்க.”

கோவிந்தராஜ் பல்லைக் கடித்தான். “அந்த ஆள் மட்டும் என் கையில கிடைக்கட்டும், வெட்டிப் போட்டுடறேன்!”

“முதல்ல போய்க் கப்பல் டிக்கெட்டைத் திருப்பிக் குடுத்துட்டு வாங்க. தினமும் மாத்திரை சாப்பிட்டா இவங்க நல்லா இருப்பாங்க. மாத்திரைக்கு நான் ஏற்பாடு பண்றேன்.”

கோவிந்தராஜ் ஓடினான். டாக்டரும் அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

விசாலாட்சி தன் விரல்களை மடக்கி மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்னம்மாளுக்கு ஆறவில்லை.

“மூணு வருஷம் உன்னைப் பைத்தியமாக்கி வச்சிருக்கானே, எந்தக் கசாப்புக்காரனோ அவன்!”

விசாலாட்சி கதவுப்பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

“சத்தம் போடாதீங்க சிஸ்டர், எங்க வீட்டுக்காரர் காதுல விழுந்திடப் போவுது. இப்ப ஊசி போட்டுட்டுப் போனாரே, அவருதான்.”