பதினேழாம் தட்டு

"செத்துப்போச்சுன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா. நேரமாகுது."

"உயிரோட இருக்கிறதை எப்படி சார் செத்துப்போச்சுன்னு எழுதுவேன்?" அவள் பேனாவைத் தொடவே இல்லை.

இயக்குநருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆய்வகத்தில் அவளுக்கு உடும்பு என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்? விளக்கணைத்த நுண்ணோக்கி அறையில், உள்ளங்கைக்குள் அடங்கும் பதினேழாம் எண் கண்ணாடித் தட்டுக்காக மல்லுக்கு நின்றாள்.

தட்டில் இருந்தவை இதய செல்கள். புது மூட்டுவலி மாத்திரையைச் சோதிக்க, இயக்குநர் தொடங்கி ஆய்வகத்தின் இருபது பேரும் ஆளுக்கு மிளகளவு தோல் கொடுத்து, அந்தத் தோல் செல்லை இதய செல்லாக மாற்றி வளர்த்தவை. எந்த எண் யாருடையது என்பது முத்திரை வைத்த உறைக்குள் இருந்தது. செத்த தட்டு என்று எழுதிவிட்டால் அது கணக்கில் வராது. நாளைக்கே மாத்திரை நோயாளிகளுக்குப் போய்விடும்.

"இங்க பாருங்க சார்," என்று திரையைக் காட்டினாள். செல்லுக்குள் ஏற்றியிருந்த சாயம், கால்சியம் கூடினால் பச்சையாக ஒளிரும்; வடிந்தால் மங்கும். துடிப்புக்கு ஒரு முறை கண் சிமிட்டும். "மருந்து விடறவரைக்கும் ஒழுங்காத்தான் சிமிட்டுச்சு. விட்டதும் கால்சியம் வடியாம உள்ளேயே தேங்கித் தாறுமாறா அடிச்சுக்குது. செத்த செல்லு துடிக்குமா சார்?"

"பத்தொன்பது தட்டு நல்லாயிருக்கு. ஒண்ணு கெட்டா குடியா முழுகிப்போச்சு? முட்டி வலிக்கு நானே ஒரு வாரமா இந்த மாத்திரைதான் போடறேன். குத்துக்கல்லாட்டம் இல்ல?" குளிரூட்டிய அறையிலும் வியர்த்த நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.

"ஒரு தட்டுன்னா ஒரு ஆளு சார். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கச் சொல்றீங்க. வேலையை விட்டுத் தூக்கினாலும் சரி, நான் கையெழுத்துப் போடமாட்டேன்."

"ஓஹோ, இப்பத்தான் புரியுது! அது உன் தட்டு. அதான் இந்தக் குதி குதிக்கிறே."

அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. அந்தப் பயம் அவளுக்கும் இருந்தது. இரண்டு நாளாக, தோல் எடுத்த தழும்பைத் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனாலும் பின்வாங்கவில்லை.

"என்னோடதாவே இருக்கட்டும். என் உயிர்னா மட்டும் குப்பையில போட்டுடலாமா? உறையைப் பிரிங்க சார், பார்த்துடுவோம்."

"பிரிச்சா உன் மானம்தான் போகும்." வீம்புக்கு உறையைக் கிழித்தார். பட்டியலில் மேலிருந்து விரலை ஓட்டினார். பதினேழில் விரல் நின்றது.

அவள் காகிதத்தைப் பிடுங்கிப் பார்த்தாள். அதுவரை இருந்த கோபம் போன இடம் தெரியவில்லை. அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்து அவர் பின்னால் போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சார், இன்னிக்கு மாத்திரை போட்டுட்டீங்களா?"