உடம்பு போன இடம்

இன்னாசி படுத்த படுக்கையிலேயே உருகிக்கொண்டு வந்தான். கஞ்சிகூட உள்ளே இறங்கவில்லை. ஊசி போட வந்த நர்ஸிடம் அவன் மனைவி செலின் கேட்டாள்: “அம்புட்டு உடம்பும் எங்க போகுது, சிஸ்டர்?” “சோறு இறங்கலன்னா, ஒவ்வொரு செல்லும் இருக்குற கொழுப்பையும் சதையையும் எரிச்சுத்தாம்மா உசிர ஓட்டும். எரிஞ்சது மூச்சுல வெளிய போயிரும்.” “போயி?” நர்ஸ் தலைமாட்டில் தொட்டியிலிருந்த மணிபிளான்ட்டைக் காட்டினாள். “இது மாதிரி செடி எடுத்துக்கிடும்.” அன்றைக்கே செலின் கண்ணாடி ஜன்னலைச் சாத்திவிட்டாள். அவன் வற்ற வற்றக் கொடி சுவரேறியது. அவனை எடுத்துப்போன அன்று அது மின்விசிறியைத் தொட்டிருந்தது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும், அறையை ஒழுங்குபண்ணச் செலினின் அக்கா கத்தரிக்கோலோடு வந்தாள். முந்தின நாள் அவள் கொண்டுவந்த சோற்றுத் தூக்குவாளி திறக்காமலே இருந்தது. செலின் எழுந்து கொடியை மறைத்து நின்றாள். ஜாக்கெட் தோளிலிருந்து வழிந்தது. அக்கா பதறிப்போனாள். “எங்கட்டி போச்சு ஒன் உடம்பெல்லாம்?” செலின் திரும்பி, தாழ விரிந்திருந்த தளிர் ஒன்றின் அருகே வாயைக் கொண்டுபோய், நெஞ்சிலிருந்த மூச்சையெல்லாம் மெல்ல, மிச்சமில்லாமல் விட்டாள்.